பதிவேடும் துப்பாக்கியும்: மேஜர் சைமன் வில்லார்டும் அவர் காலத்து ஊர்ப்படையும்

1635 செப்டம்பரில், வட அமெரிக்காவில் ஆங்கிலேயர் அமைத்திருந்த மாசசூசெட்ஸ் குடியேற்றத்தை ஆண்ட மன்றம் ஓர் உத்தரவு போட்டது. மஸ்கெட்டாக்விட் என்னும் இடத்தில் புதிதாக ஓர் ஊர் அமைக்கலாம். நீளம் ஆறு மைல், அகலம் ஆறு மைல் என அதற்கு நிலம் உண்டு. அங்கே போய்க் குடியேறுகிறவர்கள் மூன்று ஆண்டுகளுக்குப் பொதுச் செலவு எதற்கும் பங்கு தர வேண்டாம். படைப் பயிற்சிக்கு மட்டும் விலக்கு இல்லை.

அந்த இடத்தில் அப்போது ஆங்கிலேயர் ஊர் என்று எதுவும் இல்லை. பாஸ்டனிலிருந்து மேற்கே ஏறக்குறைய இருபது மைல், வழியெல்லாம் காடும் சதுப்பும். வந்தவர்கள் முதலில் குன்றுச் சரிவில் வளை தோண்டி, மேலே மரத்தைப் பரப்பி மண்ணைப் போட்டு மூடி, அதற்குள் முடங்கித்தான் குளிரைக் கழித்தார்கள். அப்படிப்பட்டவர்களிடம் வரி வேண்டாம் என்று விட்டுக்கொடுத்த அரசு, பயிற்சியை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. குடியேற்றக் கால அமெரிக்க ஊர் எப்படி இயங்கியது என்று யாராவது கேட்டால் நான் முதலில் இந்த உத்தரவைத்தான் காட்டுவேன்.

அந்த ஊர்தான் கான்கார்ட். 140 ஆண்டுகள் கழித்து, 1775-ல், அமெரிக்கப் புரட்சியின் முதல் சண்டை நடந்த அதே கான்கார்ட். ஊரை அமைத்தவர்களில் இரண்டு பேர் முக்கியமானவர்கள். ஒருவர் பாதிரியார் பீட்டர் பல்க்லி. இன்னொருவர் சைமன் வில்லார்டு. நாம் பார்க்கப் போவது இரண்டாமவரை. அவர் பெரிய போர்வீரர் இல்லை. நடத்திய இரண்டு படையெடுப்புகளில் ஒன்று கெட்ட பெயரில்தான் முடிந்தது. ஆனாலும் ‘ஊர்த் தலைவர், ஊர்ப்படை அதிகாரி’ என்ற இரண்டு பட்டமும் ஏன் ஒரே ஆளிடம் வந்து சேர்ந்தன என்று புரிந்துகொள்ள, அவரைப் போல வசதியான ஆள் கிடைக்க மாட்டார்.

வில்லார்டு 1605-ல் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் ஹார்ஸ்மண்டன் என்ற ஊரில் பிறந்தவர். 1634-ல், 29 வயதில், கடல் தாண்டி மாசசூசெட்ஸ் வந்தார். வந்ததும் கையில் எடுத்த தொழில் பீவர் தோல் வியாபாரம். நீர்நாய் வகையைச் சேர்ந்த விலங்கு அல்ல, பல்லால் மரத்தை அறுத்து ஆற்றில் அணை கட்டுமே, அந்த பீவர். அதன் மென்மயிருக்கு ஐரோப்பியத் தொப்பிக்காரர்களிடம் நல்ல விலை இருந்தது. பீவரைப் பிடிப்பவர்கள் பூர்வகுடிகள். ஆகவே தோல் வியாபாரி என்றால் உள்நாட்டுக்குள் நடக்கத் தெரிந்தவர், எந்த ஆறு எங்கே போகிறது என்று தெரிந்தவர், எந்தத் தலைவரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று தெரிந்தவர் என்று பொருள். வில்லார்டுக்குப் பின்னாளில் வந்த பதவிகள் பலவற்றுக்கும் இந்த அறிமுகம்தான் விதை.

‘டவுன்’ என்றால் நமக்குக் கடைத்தெருவும் பேருந்து நிலையமும் நினைவுக்கு வரும். அவர்கள் சொன்ன ‘டவுன்’ அது இல்லை. ஒரு கூட்டம் குடும்பங்களுக்குச் சேர்த்துக் கொடுக்கப்பட்ட நிலப்பரப்பு அது. 36 சதுர மைலில் நடுவே கொஞ்சம் வீடு, சுற்றிலும் வயல், ஆற்றோரம் வைக்கோல் புல்வெளி, அதற்கப்பால் காடு. இத்தனையும் சேர்ந்ததுதான் டவுன். தமிழில் ‘ஊர்’ என்றால் சரியாக வரும். நிலத்தை அரசு பெரும்பாலும் தனித்தனி ஆளுக்குக் கொடுக்கவில்லை. ஊருக்குக் கொடுத்தது, ஊர் கூடி யாருக்கு வீட்டு மனை, யாருக்கு எவ்வளவு புல்வெளி என்று பங்கு பிரித்தது. பங்கு பிரிப்பவர் கையில்தான் ஊரின் அதிகாரம் இருந்தது என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

ஊருக்கு ஒரு பொதுக் கட்டடம் இருக்கும். ஞாயிறன்று அது தேவாலயம், மற்ற நாளில் ஊர்க்கூட்ட மண்டபம். ஊர்க்கூட்டத்தில் எடுத்த முடிவுகளை நடத்திவைக்க ஆண்டுதோறும் சிலரைத் தேர்ந்தெடுப்பார்கள். அவர்களுக்கு ‘செலக்ட்மென்’ என்று பெயர். வேலி சரியாக இருக்கிறதா, யாருடைய பன்றி யாருடைய சோளத்தை மேய்ந்தது, பாலத்துக்கு யார் மரம் வெட்டித் தருவது, இவைதான் அவர்கள் முன்னால் வந்த வழக்குகள். எல்லாரும் கூடி முடிவெடுத்தார்கள் என்று பள்ளிப் பாடங்களில் படிப்பதை முழுக்க நம்பிவிட வேண்டாம். 1631-லிருந்தே, தேவாலய உறுப்பினராக இருந்தால்தான் ‘ஃப்ரீமேன்’ ஆகலாம். ஃப்ரீமேனுக்குத்தான் குடியேற்ற அரசின் தேர்தலில் ஓட்டு. பெண்களுக்கு எதிலும் ஓட்டு இல்லை. ஊர் விவகாரங்களில் மட்டும், அதுவும் 1647-க்குப் பிறகு, மற்ற ஆண்களுக்கும் ஓரளவு கதவு திறந்தது.

ஊர்களுக்கு மேலே ‘ஜெனரல் கோர்ட்’. பெயரைப் பார்த்து நீதிமன்றம் என்று நினைத்துவிட வேண்டாம். வழக்கும் கேட்கும், சட்டமும் போடும், நிலமும் கொடுக்கும். மாசசூசெட்ஸ் சட்டமன்றத்துக்கு இன்றைக்கும் அதுதான் பெயர். ஊர்களிலிருந்து வரும் பிரதிநிதிகள் ஒரு பக்கம். ஆளுநரும் ‘அசிஸ்டன்ட்’ எனப்பட்ட மேல்நிலை நீதிபதிகளும் ஒரு பக்கம். முதலில் எல்லாரும் ஒன்றாகத்தான் உட்கார்ந்தார்கள். 1644-ல் இரண்டு அவையாகப் பிரிந்தார்கள். பிரிந்ததற்குக் காரணங்கள் பல உண்டு. ஆனால் சண்டையை முற்ற வைத்தது ஒரு பெண்பன்றி. ஷெர்மன் என்ற எளிய வீட்டுப் பெண்ணின் பன்றியைக் கெய்ன் என்ற பணக்கார வணிகர் கொன்றுவிட்டார் என்று வழக்கு. பிரதிநிதிகளில் பெரும்பாலோர் ஷெர்மன் பக்கம், மேல்நிலைக்காரர்களில் பெரும்பாலோர் கெய்ன் பக்கம். யார் பேச்சு எடுபட வேண்டும் என்று தொடங்கிய தகராறு இரண்டு அவையில் போய் நின்றது.

வில்லார்டு 1636-லிருந்து கான்கார்டின் பிரதிநிதியாகப் பெரும்பாலான ஆண்டுகள் அந்த மன்றத்துக்குப் போய்வந்தார். ஊருக்குள்ளே எழுத்து வேலையும் அவருடையதுதான். சம்மன் எழுதுவது, பதிவது, 40 ஷில்லிங் வரையிலான சில்லறை வழக்குகளைத் தீர்த்துவைப்பது எல்லாம் அவரைப் போன்ற உள்ளூர்க்காரர்கள் கையில்தான் விடப்பட்டிருந்தது. 1654-ல் அவரே அசிஸ்டன்ட் ஆனார். இறக்கும்வரை, 22 ஆண்டுகள், அந்தப் பதவி அவரை விட்டுப் போகவில்லை.

சரி, துப்பாக்கி எங்கே வந்தது?

மாசசூசெட்ஸில் கூலிப் பட்டாளமும் கிடையாது, அரசருடைய படையும் கிடையாது. 16 வயதிலிருந்து 60 வயதுவரை உள்ள ஆண் ஒவ்வொருவரும் சிப்பாய். இதைத்தான் மிலிஷியா என்கிறோம்; ஊர்ப்படை என்றே வைத்துக்கொள்வோம். நீதிபதிகள், பாதிரியார்கள், பள்ளி ஆசிரியர், மருத்துவர், ஹார்வர்டு கல்லூரியில் இருப்பவர்கள் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு. ஆங்கிலேயர் வீடுகளில் இருந்த ஆப்பிரிக்கர்களையும் பூர்வகுடிகளையும் 1652-ல் பயிற்சிக்கு வரச் சொன்னார்கள். நான்கே ஆண்டில், 1656-ல், வர வேண்டாம் என்று விலக்கினார்கள். பயம் யாரைப் பார்த்து என்பதை அந்த நான்கு ஆண்டு சொல்லிவிடுகிறது.

பயிற்சி நாள் எப்படி இருக்கும்? தேவாலயத்துக்குப் பக்கத்துத் திடலில் ஆட்கள் கூடுவார்கள். முதலில் ஜெபம். அப்புறம் படையின் எழுத்தர் பெயர்ப் பட்டியலை வாசிப்பார், வராதவருக்கு அபராதம். அடுத்தது ஆயுதச் சோதனை. மூன்றில் இரண்டு பங்கு ஆட்களிடம் மஸ்கெட் துப்பாக்கி, மிச்சம் பேரிடம் பைக் எனப்படும் நீள ஈட்டி. அந்தத் துப்பாக்கிகளில் பல, திரி கொளுத்திச் சுடுபவை. வெடியுப்பில் ஊறிய கயிறு ஒன்று கனன்றுகொண்டே இருக்க வேண்டும். தோளில் குறுக்காக மாட்டிய வாரில் சின்னச் சின்ன மரக்குப்பிகள் தொங்கும். ஒவ்வொன்றிலும் ஒரு முறை சுடுவதற்கான மருந்து. ஒரு கையில் கனலும் திரி, மார்பெல்லாம் வெடிமருந்து. மழை வந்தால் திரி அணையும், காற்றடித்தால் பொறி பறக்கும். உழுதுகொண்டிருந்த ஆளை ஆண்டுக்குச் சில நாள் வரவழைத்து இதைப் பழக்குவது லேசான காரியம் இல்லை.

துப்பாக்கியும் அவரவர் வாங்கியதுதான். வாங்க வசதியில்லாதவர் தானியத்தையோ வேறு பண்டத்தையோ படை எழுத்தரிடம் கொண்டுபோய்க் கொடுக்கலாம்; அதற்கு ஈடாக அவர் ஆயுதம் ஏற்பாடு செய்வார். அதற்கும் வழியில்லாத திருமணமாகாத ஆளை, அந்தக் கடன் தீரும்வரை யாரிடமாவது வேலைக்கு விட்டுவிடவும் சட்டம் இடம் கொடுத்தது.

இங்கேதான் இரண்டு அதிகாரமும் ஒன்று சேரும் இடம் தெரிகிறது. பெயர்ப் பட்டியல் வேண்டும், யார் வீட்டில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும், அபராதம் எழுத வேண்டும், தானியத்துக்குக் கணக்கு வைக்க வேண்டும். இது சிப்பாய் வேலையா, கணக்குப்பிள்ளை வேலையா? நிலப் பதிவேட்டை வைத்திருந்த ஆளுக்குப் படைப் பட்டியலை வைத்திருப்பது கடினமே இல்லை. ஊரும் அப்படித்தான் நினைத்தது. படையின் அதிகாரிகளை முதலில் படையில் இருப்பவர்களே ஓட்டுப் போட்டு முன்மொழிந்தார்கள். அரசு ஒப்புதல் கொடுக்கும். பிரதிநிதியாக யாரை அனுப்பினார்களோ, அவரையே அணிக்கும் முன்னால் நிறுத்தினார்கள். இந்த உரிமையை 1668-ல் ஜெனரல் கோர்ட் தன் கைக்கு எடுத்துக்கொண்டது தனிக் கதை.

1637-ல் கான்கார்ட் படைக்குப் பயிற்சி தரும் பொறுப்பு வில்லார்டுக்கு வந்தது. 1646-ல் கேப்டன். 1653-ல் மிடில்செக்ஸ் கவுன்டி, அதாவது மாவட்டம், முழுவதற்கும் மேஜர். அன்றைய ஆவணங்களில் இந்தப் பதவி ‘சார்ஜென்ட் மேஜர்’ என்று இருக்கும். இன்றைய ராணுவத்து சார்ஜென்ட் மேஜரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒரு கவுன்டியின் ஊர்ப்படைகள் எல்லாம் சேர்ந்த ரெஜிமென்டுக்கே அன்று அவர்தான் தலைவர். அந்த ரெஜிமென்ட் முறை 1636 டிசம்பரில் பிறந்தது. அமெரிக்காவின் நேஷனல் கார்டு தன் பிறந்தநாள் என்று கொண்டாடுவதும் அந்த நாளைத்தான்.

போர் என்று வந்தால் ஊர்ப்படை அப்படியே எழுந்து அணிவகுத்துப் போய்விடாது. போனால் அறுவடைக்கு யார்? ஆகவே தலைநகரிலிருந்து உத்தரவு வரும், ‘உங்கள் ஊர் இத்தனை ஆள் தர வேண்டும்’ என்று. அந்த இத்தனை பேர் யார் யார் என்று தீர்மானிப்பது ஊர்ப் பெரியவர்களும் படை அதிகாரிகளும். ஊர்ப்படை என்பது சண்டை போடும் படை என்பதைவிட, ஆள் எடுக்கும் தொட்டி என்று சொன்னால் இன்னும் பொருத்தம். 1645-ல் ஒரு படி மேலே போனார்கள். நூறு ஆளுக்கு முப்பது பேர் எந்நேரமும் தயாராக, சொன்ன அரை மணி நேரத்தில் கிளம்பும்படி இருக்க வேண்டும் என்று சட்டம். 1775-ல் கான்கார்டில் புகழ்பெற்ற, ஒரு நிமிடத்தில் கிளம்பத் தயாராக இருந்த ‘மினிட்மேன்’களின் பாட்டன் இந்த அரை மணிக்காரர்கள்தான்.

கேப்டன் ஆன அதே காலத்தில் வில்லார்டுக்கு இன்னொரு விநோதமான வேலையும் வந்தது. ஜான் எலியட் என்ற பாதிரியார் பூர்வகுடிகளிடையே அவர்கள் மொழியிலேயே பிரசங்கம் செய்யத் தொடங்கியிருந்தார். கான்கார்டைச் சுற்றியிருந்த பூர்வகுடித் தலைவர்கள் கூடித் தங்களுக்கென்று விதிகள் எழுதிக்கொண்டார்கள். எழுதிக்கொண்டார்கள் என்பதா, எழுதிக்கொள்ள வைக்கப்பட்டார்கள் என்பதா, வாசிப்பவரே முடிவு செய்யலாம். அந்த ஆவணத்தில் ‘1646, பதினோராம் மாதம்’ என்று தேதி இருக்கும். நம் கணக்குக்கு அது 1647 ஜனவரி. அவர்களுக்கு ஆண்டு மார்ச்சில்தான் பிறக்கும். புதிதாகப் படிப்பவர்கள் வழுக்கி விழும் இடம் இது.

விதிகளைப் பாருங்கள். குடித்துவிட்டுக் கிடந்தால் 20 ஷில்லிங் அபராதம். பழைய மந்திரச் சடங்கு நடத்தினால் 20 ஷில்லிங். உடம்பில் கொழுப்பு பூசிக்கொண்டால் 5 ஷில்லிங். தலைமுடியை ஆங்கிலேயர் மாதிரி வைத்துக்கொள்ள வேண்டும். பேன் எடுத்துக் கடித்துத் தின்றால், பேன் ஒன்றுக்கு ஒரு பென்னி. இந்த அபராதங்களுக்கெல்லாம் பதிவாளராக நியமிக்கப்பட்டவர் கான்கார்டின் கேப்டன் வில்லார்டு. ரெஜிமென்டுக்குத் தலைவராகப் போகிறவர் பேனுக்குப் பென்னி எழுதும் பேரேட்டையும் பொறுப்பில் வைத்திருந்தார்.

தோல் வியாபாரத்தில் பழகிய ஆறுகள் 1652-ல் பயன்பட்டன. இங்கிலாந்து அரசர் மாசசூசெட்ஸுக்குக் கொடுத்த சாசனப்படி அதன் வடக்கு எல்லை, மெரிமாக் ஆற்றுக்கு மூன்று மைல் வடக்கே. ஆனால் மெரிமாக் கொஞ்ச தூரம் கிழக்கு மேற்காக ஓடிவிட்டு, வடக்கே திரும்பி மலைக்குள் போய்விடுகிறது. அப்படியானால் ஆற்றின் தலை எங்கே? தலை எவ்வளவு வடக்கே இருக்கிறதோ, நிலம் அவ்வளவு கூடுதல். அதைக் கண்டுபிடிக்க இரண்டு பேரை அனுப்பினார்கள். வில்லார்டு ஒருவர். வோபர்ன் என்ற ஊரை அமைத்து, அதன் எழுத்தராகவும் படைத் தலைவராகவும் இருந்த எட்வர்டு ஜான்சன் இன்னொருவர். அச்சில் வார்த்த மாதிரி, இவரும் பதிவேடும் துப்பாக்கியும் ஒரே கையில் வைத்திருந்தவர்.

கூட இரண்டு நில அளவைக்காரர்களையும் பூர்வகுடி வழிகாட்டிகளையும் கூட்டிக்கொண்டு, ஆற்றை எதிர்த்து மேலேறி, வினிபெசாகி என்ற பெரிய ஏரியின் வாய்க்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஆகஸ்ட் 1 அன்று அட்சரேகையை அளந்தார்கள்: வடக்கே 43 பாகை, 40 நிமிடம், 12 விநாடி. அங்கே தண்ணீரில் கிடந்த ஒரு பாறையில் எழுத்துகளை வெட்டினார்கள். ஆளுநர் ஜான் எண்டிகாட்டின் பெயர், அதற்கு மேலே ஜான்சனின் முதலெழுத்துகள், பக்கத்தில் வில்லார்டின் ‘எஸ் டபிள்யூ’. பிறகு 180 ஆண்டு யாரும் அதைக் கவனிக்கவில்லை. 1833-ல் மறுபடி கண்ணில் பட்டது. இப்போது நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் வியர்ஸ் பீச் என்ற ஏரிக்கரையில், கல் மண்டபத்துக்கு அடியில், பாறை அதே இடத்தில் இருக்கிறது. நிலம்தான் மாசசூசெட்ஸ் கையை விட்டுப் போய்விட்டது.

காலத்தை மனதில் பொருத்திக்கொள்ள ஒரு குறிப்பு. கான்கார்டுக்கு நான்கு வயதாகும்போது கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மதராசில் இடம் கிடைக்கிறது. வில்லார்டு கேப்டனாக இருந்தபோது, 1649-ல், பாஸ்டனில் ஒரு குழந்தை பிறக்கிறது. அதுதான் பின்னாளில் மதராஸ் ஆளுநரான எலிஹு யேல்.

1654-ல் வில்லார்டுக்குப் பெரிய வாய்ப்பு வந்தது. நியூ இங்கிலாந்துக் குடியேற்றங்களின் கூட்டமைப்பு, நையான்டிக் மக்களின் தலைவர் நினிகிரெட் மீது படையெடுக்க முடிவு செய்தது. தலைமை மேஜர் வில்லார்டுக்கு. குதிரைப்படையும் காலாட்படையுமாகச் சில நூறு பேரோடு கிளம்பினார். நினிகிரெட் எதிர்த்து நிற்கவில்லை. சதுப்புக்குள் போய் ஒதுங்கிக்கொண்டார். வில்லார்டும் துரத்திக்கொண்டு உள்ளே போகவில்லை. பேச்சுவார்த்தை, சில வாக்குறுதிகள், திரும்பிவிட்டார். கூட்டமைப்பு அவரைக் கடிந்துகொண்டது. ஆனால் மாசசூசெட்ஸ் அரசுக்கு அந்தப் போரில் முதலிலிருந்தே விருப்பமில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு கிடைத்த அசிஸ்டன்ட் பதவியும் அவரை விட்டுப் போகவில்லை. சண்டை போடாமல் வந்தது உள்ளூரில் குற்றமாக எடுபடவில்லை என்றே நான் படிக்கிறேன்.

அதன் பிறகு அவர் கான்கார்டில் நிலைக்கவில்லை. லங்காஸ்டர் என்ற புதிய ஊரில் நிர்வாகம் குழம்பிக் கிடந்தது. 1657-ல் அதைச் சீர்செய்ய அரசு அமைத்த குழுவில் இருந்தார், பிறகு அங்கேயே குடிபோனார். அப்புறம் இன்னும் விளிம்பில், க்ராட்டன் பக்கம், நோனகாய்கஸ் என்ற இடத்தில் அரசு கொடுத்த 500 ஏக்கர் பண்ணைக்கு. எல்லை நகர நகர அவரும் நகர்ந்தார். மூன்று திருமணம், 17 குழந்தைகள். மனைவிகளில் ஒருவர் ஹார்வர்டின் முதல் தலைவர் ஹென்றி டன்ஸ்டரின் குடும்பம். மகன் சாமுவேல் க்ராட்டனில் பாதிரியாரானார். 1692-ல் மாசசூசெட்ஸிலிருந்த சேலம் என்ற ஊரில் சூனியக்காரிகள் என்று சொல்லி ஆட்களைத் தூக்கில் போட்டபோது, அந்தச் சாட்சியங்களைச் சந்தேகித்த பாதிரியார்களில் அவரும் ஒருவர்.

1675 ஜூனில் போர் வெடித்தது. வாம்பனோவாக் மக்களின் தலைவர் மெட்டகாமை ஆங்கிலேயர் ‘கிங் பிலிப்’ என்று அழைத்ததால் போருக்கும் அந்தப் பெயரே நின்றுவிட்டது. நாற்பது ஆண்டாக நிலம் கை மாறிக்கொண்டே போனதும், பூர்வகுடிகளின் தலைவர்கள் ஆங்கிலேயர் சட்டத்துக்குக் கட்டுப்பட வைக்கப்பட்டதும் சேர்ந்து வெடித்த போர் அது. ஆகஸ்ட் தொடக்கத்தில் நிப்மக் மக்களோடு பேசிப் பார்க்க ஒரு குழு கிளம்பியது. தலைமை கேப்டன் ஹட்சின்சன், பாதுகாப்புக்குக் கான்கார்டைச் சேர்ந்த கேப்டன் தாமஸ் வீலரின் குதிரைப்படை. ‘அந்த வழி வேண்டாம், ஆபத்து’ என்று அவர்களுடைய பூர்வகுடி வழிகாட்டிகள் தடுத்தார்கள். கேட்கவில்லை. ஆகஸ்ட் 2 அன்று ஒரு பக்கம் சதுப்பு, ஒரு பக்கம் குன்று என்ற குறுகலான இடத்தில் தாக்குதல். எட்டு பேர் அங்கேயே இறந்தார்கள். மிச்சம் பேரை வேறு பாதையில் ப்ரூக்ஃபீல்ட் ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தவர்கள், யார் பேச்சைக் கேட்கவில்லையோ அந்த வழிகாட்டிகளான சாம்சனும் ஜோசப்பும். சில மாதங்களுக்குள் அந்த ஜோசப்பைப் பிடித்து ஜமைக்காவுக்கு அடிமையாக விற்றார்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ப்ரூக்ஃபீல்டில் ஊரே ஒரே வீட்டுக்குள் புகுந்துகொண்டது. ஏறத்தாழ 80 பேர். வெளியே நிப்மக் வீரர்கள். கூரைமேல் தீ அம்புகள் வந்தன; உள்ளிருந்தவர்கள் கூரையைப் பிய்த்துப் பிய்த்து அணைத்தார்கள். உள்ளே இரண்டு பெண்களுக்குப் பிரசவம். இருவருக்குமே இரட்டைக் குழந்தைகள். மூன்றாம் நாள் நிப்மக் வீரர்கள் வண்டி ஒன்றில் வைக்கோலும் சுள்ளியும் நிரப்பி, நெருப்பு வைத்து வீட்டோடு தள்ளப் பார்த்தார்கள். மழை காப்பாற்றியது.

அன்று காலை வில்லார்டு வேறு வேலையாக லங்காஸ்டரிலிருந்து கிளம்பியிருந்தார். கூட க்ராட்டன் கேப்டன் பார்க்கரும் 46 குதிரை வீரர்களும் ஐந்து பூர்வகுடிகளும். வழியில் செய்தி காதில் விழ, மேலிடத்து உத்தரவுக்குக் காத்திராமல் குதிரையைத் திருப்பினார். முப்பது மைலுக்கு மேல் ஓட்டி, இருட்டிய பிறகு ஊருக்குள் நுழைந்தார். சண்டையில் மிரண்டு காட்டுக்குள் ஓடியிருந்த ஊர் மாடுகள், குதிரைகளைக் கண்டதும் பின்னாலேயே சேர்ந்து வந்தனவாம். இருட்டில் அந்தக் குளம்புச் சத்தம் படையைப் பெரிதாகக் காட்டியது என்று அக்காலப் பதிவில் வருகிறது. விடிவதற்குள் முற்றுகை கலைந்தது. வில்லார்டுக்கு அப்போது வயது 70. படைச் சட்டத்தின்படி பயிற்சிக்கே வரத் தேவையில்லாத வயது.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவர் எல்லையோர ஊர்களுக்கு ஆள் பிரித்து அனுப்புவதும் தானே ஓடுவதுமாக இருந்தார். 1676 பிப்ரவரி 10 அன்று லங்காஸ்டர் எரிந்தது. மார்ச்சில் க்ராட்டன். அவருடைய நோனகாய்கஸ் வீடும் அப்போது சாம்பலானது. க்ராட்டன் மக்கள் ஊரைக் காலி செய்து வண்டிகளில் கிளம்பினார்கள். வில்லார்டின் குடும்பம் பாஸ்டனுக்கு எதிரே இருந்த சார்லஸ்டவுனில் ஒண்டியது. ஏப்ரல் 24 அன்று அங்கே இறந்தார். குண்டும் இல்லை, அம்பும் இல்லை. அந்த வசந்தத்தில் ஊரெல்லாம் பரவிய சளிக்காய்ச்சல். படை மரியாதையோடு அடக்கம் செய்தார்கள்.

எட்டு ஆண்டு கழித்து கான்கார்டுக்கு ஒரு சிக்கல் வந்தது. 1684-ல் லண்டனில் மாசசூசெட்ஸின் சாசனமே ரத்தாகப் போகிறது. சாசனம் போனால் அதன்கீழ் கொடுத்த நிலங்களின் கதி என்ன? பூர்வகுடிகளிடமிருந்து முறையாக விலை கொடுத்து வாங்கியதுதான் என்று காட்டியாக வேண்டும். காட்டுவதற்குக் கான்கார்டின் கையில் கிரயப் பத்திரம் இல்லை. கிரயத்தை முன்நின்று முடித்தவரோ, இத்தனை பதிவேடு எழுதிய வில்லார்டு.

அப்போது இன்னும் உயிரோடிருந்த சாட்சிகளைத் தேடினார்கள். நாட்டிக் என்ற ஊரில், கிறித்தவரான ஜெஹோஜாகிம் என்னும் பூர்வகுடி முதியவர் இருந்தார். வயது எழுபதுக்குப் பக்கம். அவரை அழைத்து வந்து வாக்குமூலம் வாங்கினார்கள். சுமார் ஐம்பது ஆண்டுக்கு முன்னால் நாஷாடக் குன்றின் அடிவாரத்தில் குடியிருந்தேன் என்றார். பல்க்லி பாதிரியார் வீட்டில் பேரம் நடந்தபோது நானும் இருந்தேன் என்றார். ஸ்குவா சாச்செம் என்ற தலைவியும், தஹட்டவானும், நிம்ராடும் ஆறு மைல் சதுர நிலத்தை விற்றார்கள். வில்லார்டும் ஸ்பென்சர் என்பவரும் விலையைக் கொடுத்ததைக் கண்ணால் பார்த்தேன்: வாம்பம் என்னும் சிப்பி மணிகள், கைக்கோடரிகள், மண்வெட்டிகள், கத்திகள், பருத்தித் துணி, சட்டைகள்.

ஒன்று மட்டும் ரொம்பத் துல்லியமாக நினைவிருக்கிறது என்றார். தலைவியின் கணவர் விபகவெட்டுக்குப் பருத்தித் துணியில் ஒரு முழு உடுப்பு கொடுத்தார்கள். ஒரு தொப்பி, கழுத்துக்கு வெள்ளை லினன் பட்டி, காலணி, காலுறை, ஒரு பெரிய மேலங்கி. அவர் சொன்னதை அப்படியே எழுதி, ஊர் ஆவணங்களோடு சேர்த்துவைத்தார்கள்.